ஒரு முத்திரைக்காக நாட்டை விட்டே போக வேண்டுமா?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரையைப் புதுப்பிக்க வேண்டுமானால் அந்த நாட்டை விட்டே வெளியேற வேண்டியிருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இப்படித்தான் நடந்து வருகிறது. பக்கத்து நாடான கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய், அங்குள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் வாசலில் நின்று பலர் முத்திரை வாங்கி வந்தார்கள். 2025 செப்டம்பர் 6-ஆம் தேதி அமெரிக்க வெளிநாட்டு இலாகா வெளியிட்ட உத்தரவால் அந்த வழியும் அடைபட்டது. குடியுரிமை உள்ள நாட்டில் அல்லது வசிக்கும் நாட்டில்தான் விசாவுக்கு மனுச் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதாவது நம்மவர்கள் இந்தியாவுக்கே வந்தாக வேண்டும்.

இந்த ஏற்பாடு அவசியமற்றது, நியாயமற்றது என்பது என் கருத்து. அமெரிக்காவுக்குள் சட்டப்படி வேலை செய்கிறவனுக்கு அமெரிக்காவுக்குள்ளேயே முத்திரையைப் புதுப்பித்துக் கொடுப்பதுதான் முறை. ஒரு காலத்தில் அப்படித்தான் கொடுத்தார்கள்.

"டாலரில் சம்பளம் வாங்குகிறவர்களின் கஷ்டம் நமக்கு எதற்கு?" என்று சில வாசகர்கள் கேட்கலாம். காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு வரும் ரயிலைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். 2001 பிப்ரவரியில் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, தங்கவயல் தமிழ்க் குடும்பங்கள் பிழைப்புக்காக இந்த ரயில்களைத்தான் நம்பின. அந்த ரயிலில் வந்து படித்த பிள்ளைகளில் சிலர் இன்று டெக்ஸாசிலும் நியூ ஜெர்சியிலும் இருக்கிறார்கள். ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் மில் தொழிலாளியின் மகன், கேங்மேனின் மகள் என்று அப்படிப் போனவர்கள் உண்டு. அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் தங்கைக்குக் கல்யாணம் நடக்கிறது. அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவும் வீட்டுக் கடனும் அதில்தான் அடைகின்றன. ஆகவே இது நம் வீட்டு விஷயம்தான்.

விசா வேறு, அனுமதி வேறு

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நம்மில் பலர் விசா முடிந்துவிட்டால் வேலையும் முடிந்துவிட்டது, ஆள் திருட்டுத்தனமாக இருக்கிறான் என்று நினைக்கிறோம். அது தவறு.

எச்-1பி என்ற வகையில் போகிறவருக்கு இரண்டு காகிதங்கள் உண்டு. ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும் விசா. அதைக் கொடுப்பது வெளிநாட்டு இலாகா. நாட்டின் வாசலுக்கு வந்து உள்ளே விடும்படி கேட்பதற்கு மட்டுமே அது பயன்படும். இரண்டாவது, உள்ளே தங்கி வேலை செய்வதற்கான அனுமதி. அதைக் கொடுப்பது குடியேற்ற இலாகா. ஐ-797 என்று அந்தக் காகிதத்துக்குப் பெயர். கம்பெனி மனுச் செய்தால், ஆள் இருந்த இடத்திலிருந்தே இந்த அனுமதி நீடிக்கப்படும். ஒரு தடவைக்கு மூன்று வருஷம் வரை கொடுப்பார்கள்.

எனவே, விசா முத்திரை காலாவதியானாலும், அனுமதி இருக்கும்வரை அவர் வேலைக்குப் போகலாம், வரி கட்டலாம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாம். யாரும் தடுக்க முடியாது. ஆனால் நாட்டை விட்டு வெளியே காலெடுத்து வைத்தால், புதிய முத்திரை இல்லாமல் பொதுவாகத் திரும்ப முடியாது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி போலத் தகவல் வந்தால், அவர் முதலில் யோசிப்பது விமான டிக்கெட்டைப் பற்றி அல்ல. "போனால் வேலைக்குத் திரும்ப முடியுமா?" என்பதைத்தான்.

இது ஒரே ஒரு தடவை வரும் தொல்லையும் அல்ல. நிரந்தரமாகத் தங்கும் உரிமைச் சீட்டான கிரீன் கார்டை, வேலை வழியில் ஒரு நாட்டவருக்கு ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. இந்தியர்களின் வரிசை மிக நீளம். பத்து வருஷத்துக்கும் மேலாகக் காத்திருப்பவர்கள் ஏராளம். அதுவரை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அனுமதியை நீட்டிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு முறையும் முத்திரைப் பிரச்சினையும் கூடவே வரும்.

2004 வரை இருந்த வழி

2004 ஜூலை 16-க்கு முன்னால் இந்தத் தொல்லை இல்லை. பாஸ்போர்ட்டையும் மனுவையும் பணத்தையும் மிசௌரி மாநிலத்தில் உள்ள செயின்ட் லூயிஸ் நகருக்குத் தபாலில் அனுப்பினால், வெளிநாட்டு இலாகா புதிய விசாவை ஒட்டித் திருப்பி அனுப்பும். ஆள் வேலையை விட்டு நகர வேண்டியதில்லை.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சட்டங்கள் இறுகின. 2002-இல் நிறைவேறிய எல்லைப் பாதுகாப்புச் சட்டப்படி, 2004 அக்டோபர் 26-க்குள் எல்லா விசாக்களிலும் கைரேகை போன்ற அடையாளங்கள் சேர்க்கப்பட வேண்டும். தபாலில் கைரேகை எடுக்க முடியாதல்லவா? அதைக் காரணமாகச் சொல்லி, உள்நாட்டுப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டார்கள்.

அதன் பிறகுதான் பக்கத்து நாட்டுக்குப் போகும் வழக்கம் வலுத்தது. கனடாவில் டொரன்டோ, வான்கூவர், ஒட்டாவா, கால்கரி. மெக்சிகோவில் டிஜுவானா, சியூதாத் ஹுவாரெஸ், நொகாலெஸ், மட்டமோரோஸ் ஆகிய ஊர்களின் பெயர்கள் நம்மவர்களுக்கு மனப்பாடம் ஆயின. இந்தியாவுக்குப் போய்வர ஆகும் செலவையும் லீவையும் பார்த்தால், எல்லைக்கு அந்தப் பக்கம் நாலு நாள் தங்கி முத்திரை வாங்கி வருவது லாபமாகத் தெரிந்தது.

பக்கத்து நாட்டு வாசலில்

ஆனால் அந்த லாபத்துக்குள் ஒரு பள்ளம் இருந்தது.

அமெரிக்க விதிகளில் ஒரு சலுகை உண்டு. விசா காலாவதியான ஒருவர் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ 30 நாளுக்கு மேற்படாமல் போயிருந்தால், தங்கும் அனுமதிக் காகிதத்தைக் காட்டி அப்படியே திரும்பி வரலாம். புதிய முத்திரை தேவையில்லை. ஆனால் 2002 ஏப்ரல் முதல் இதற்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள். போன இடத்தில் புதிய விசாவுக்கு மனுச் செய்துவிட்டால் இந்தச் சலுகை கிடையாது.

இதன் பொருள் என்ன? சும்மா ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால் உள்ளே விடுவார்கள். ஒழுங்காக வரிசையில் நின்று விசா கேட்டு, "உன் விஷயத்தை இன்னும் பரிசீலிக்க வேண்டும்" என்று அதிகாரி சொல்லிவிட்டால், அந்தப் பரிசீலனை முடியும்வரை வெளியிலேயே கிடக்க வேண்டும். இதற்கு 221-ஜி என்று பெயர். அந்தச் சீட்டைக் கையில் வாங்கினால் பத்து நாளும் ஆகலாம், பல மாதமும் ஆகலாம்.

எங்கள் ஆபீசில் ஓய்வு பெற்ற ஒரு கலாசியின் மகளுக்கு இதுதான் நேர்ந்தது. ஐந்து நாள் லீவு போட்டு, எல்லைக்கு அப்பால் ஓர் ஊருக்குப் போனாள். வேலை மாறவில்லை, கம்பெனி மாறவில்லை. பழைய விசாவிலும் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் பரிசீலனைச் சீட்டு கொடுத்துவிட்டார்கள். ஏழு வாரம் லாட்ஜில் இருந்தாள். எல்லைக்கு இந்தப் பக்கம் கணவன் தனியாக ஐந்து வயதுக் குழந்தையைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தான். லாட்ஜ் வாடகை ஒரு பக்கம், சம்பளமில்லாத லீவு மறுபக்கம். கடைசியில் எந்தக் கேள்வியும் கேட்காமல் முத்திரை வந்தது. அந்த ஏழு வாரத்தில் எதைப் பரிசீலித்தார்கள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

பக்கத்து நாட்டுக்குள் நுழைவதே லேசான காரியமும் அல்ல. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. ஆனால் அமெரிக்க விசா காலாவதியானதால்தானே அங்கே போகிறார்கள்? அவர்கள் முதலில் மெக்சிகோ விசா வாங்க வேண்டும். கனடாவுக்கும் அப்படியே. ஒரு விசாவுக்காக இன்னொரு விசா என்றாகிறது.

தங்கவயலில் ஒரு சாவு

வேறொரு குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு தாயார் காலமானார். ஒரே மகன் அமெரிக்காவில். தங்கும் அனுமதி இன்னும் இரண்டு வருஷத்துக்கு இருந்தது. முத்திரை மட்டும் காலாவதி. இந்தியாவில் நேர்காணல் தேதி எப்போது கிடைக்கும் என்று பார்த்தால் பல மாதம் தள்ளி இருந்தது. அவ்வளவு நாள் வேலைக்குப் போகாமல் இருந்தால் கம்பெனி பொறுக்குமா? வேலை போனால் அனுமதியும் போய்விடும்.

மகன் வரவில்லை. அண்ணன் பிள்ளை கொள்ளி வைத்தான். மகன் அங்கிருந்து போனில் பார்த்து அழுதுகொண்டிருந்தான். வந்திருந்த உறவுக்காரர்களில் சிலர், "பணம் வந்ததும் பெற்றவளையே மறந்துவிட்டான்" என்று பேசினார்கள். எனக்கு அதைக் கேட்கச் சகிக்கவில்லை. அவன் மறக்கவில்லை. முத்திரை இல்லாததால் வர முடியவில்லை.

பாதுகாப்பு என்கிற காரணம்

எந்த நாட்டுக்கும் தன் வாசலைக் காக்கும் உரிமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. உள்ளே வருகிறவன் யார் என்று பார்த்துத்தான் விட வேண்டும். ஆனால் நம் பிள்ளைகளின் பத்து விரல் ரேகையும் முதல் விசாவின்போதே எடுக்கப்பட்டுவிட்டது. விமான நிலையத்தில் இறங்கும்போதும் சரிபார்க்கிறார்கள். அமெரிக்காவுக்குள்ளேயே குடியேற்ற இலாகாவுக்குக் கைரேகை எடுக்கும் மையங்கள் உண்டு. 2004-இல் சொன்ன தபால் காரணம் இன்று நிற்காது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. அமெரிக்க வெளிநாட்டு இலாகாவே செய்து காட்டியிருக்கிறது. 2023 ஜூனில் நம் பிரதமர் வாஷிங்டன் சென்றபோது வெளியான கூட்டறிக்கையில், உள்நாட்டிலேயே விசா புதுப்பிக்கும் சோதனைத் திட்டம் பற்றிச் சொல்லப்பட்டது. 2024 ஜனவரி 29 முதல் பிப்ரவரி 26 வரை அது நடந்தது. 20,000 பேர் வரை மனுச் செய்யலாம் என்றார்கள். கட்டணம் 205 டாலர். குறிப்பிட்ட காலத்தில் இந்தியாவிலோ கனடாவிலோ விசா வாங்கி, முன்பே பத்து விரல் ரேகையும் கொடுத்திருந்த எச்-1பி ஊழியர்களுக்கு மட்டுமே அது. மனைவி மக்களுக்குச் சலுகை இல்லை. ஆனாலும் வானம் இடிந்து விழவில்லை. பாதுகாப்புக்கும் பங்கம் வரவில்லை. பிறகு ஏன் அதை நிரந்தரமாக்கவில்லை?

நிரந்தரமாக்காதது மட்டுமல்ல, 2025-இல் எதிர்த் திசையில் போனார்கள். செப்டம்பர் 2 முதல், நேர்காணல் இல்லாமல் காகிதங்களைப் பெட்டியில் போட்டுப் புதுப்பிக்கும் வசதி இந்த வகையினருக்கு நின்றது. செப்டம்பர் 6-இல் பக்கத்து நாட்டு வழி அடைபட்டது. டிசம்பர் 15 முதல், எச்-1பி ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தாரும் சமூக வலைத்தளங்களில் எழுதியவற்றையும் பார்க்க வேண்டும் என்றார்கள். அதனால் இந்தியாவில் டிசம்பரில் நேர்காணல் தேதி வாங்கி ஊருக்கு வந்திருந்த பலருக்குத் தேதி பல மாதங்கள் தள்ளிப்போயிற்று. மூன்று வாரம் லீவில் வந்தவர்கள் திரும்ப முடியாமல் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். நம் வெளியுறவு அமைச்சகமும் இதை அமெரிக்காவிடம் எடுத்துச் சொன்னதாக அறிவித்தது.

வெளியே போ என்பதும், பக்கத்தில் போகாதே என்பதும், சொந்த நாட்டுக்குப் போனால் தேதி இல்லை என்பதும் ஒரே ஆளுக்குச் சொல்லப்பட்டால் அவன் என்ன செய்வான்? இருந்த இடத்தை விட்டு அசையாமல் இருப்பான். அப்பா அம்மாவைப் பார்க்காமல் இருப்பான்.

மற்றவர்கள் எப்படி நடத்துகிறார்கள்?

நம் நாட்டையே எடுத்துக்கொள்வோம். பெங்களூரில் வேலை விசாவில் இருக்கும் அமெரிக்கர், கெடு முடியும் நேரத்தில் காட்மாண்டுக்கோ கொழும்புக்கோ போக வேண்டியதில்லை. வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் மனுச் செய்து, விதிகளுக்கு உட்பட்டு இங்கேயே விசாவை நீடித்துக்கொள்ளலாம். 2018 ஏப்ரலிலிருந்து இது கம்ப்யூட்டர் மூலமே நடக்கிறது. நம் சர்க்கார் ஆபீசுகளைக் குறை சொல்ல ஆயிரம் விஷயம் இருக்கலாம். இந்த விஷயத்தில் நாம் அமெரிக்காவை விட முன்னால் இருக்கிறோம்.

வளைகுடா நாடுகளில் நம் தொழிலாளர்கள் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். அந்த நாடுகளைப் புகழ நான் வரவில்லை. ஆனால் சவூதி அரேபியாவில்கூட, லீவில் ஊருக்குப் புறப்படுகிறவருக்குப் போய்த் திரும்பும் விசாவைப் புறப்படும் முன்பே அங்கேயே கொடுத்துவிடுகிறார்கள். திரும்பி வர வழி உண்டு என்று தெரிந்துகொண்டுதான் அவர் விமானம் ஏறுகிறார்.

எங்கள் ரயில்வேயில் ஊழியனுக்குப் பாஸ் உண்டு. போகவும் வரவும் சேர்த்தே கொடுப்பார்கள். இப்போது கம்ப்யூட்டரில் வருகிறது. முன்பு காகிதமாக இருந்த காலத்திலும், வேலை செய்கிற டிவிஷனிலேயே கொடுத்தார்கள். பெங்களூர் குமாஸ்தாவைப் பார்த்து, "விஜயவாடாவுக்குப் போய் உன் பாஸை வாங்கிக்கொள், கிடைக்காவிட்டால் அங்கேயே இரு" என்று எந்த அதிகாரியும் சொன்னதில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திய எனக்கே இது புரிகிறது. வாஷிங்டனில் இருக்கும் படித்த அதிகாரிகளுக்குப் புரியாதா?

செய்ய வேண்டியவை

முதலாவதாக, 2024-இல் நடத்திய சோதனையை நிரந்தரத் திட்டமாக்கும்படி மத்திய அரசு அமெரிக்காவை விடாமல் வற்புறுத்த வேண்டும். ஊழியரோடு மனைவி, கணவன், பிள்ளைகளையும் அதில் சேர்க்க வேண்டும். வியாபாரப் பேச்சுவார்த்தைகளில் வரி, இறக்குமதி என்று பேசும்போது, இதுவும் பட்டியலில் இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, அதுவரை பெற்றோரின் மரணம், கடும் நோய் ஆகிய காரணங்களுக்காக இந்தியாவுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் நேர்காணல் தேதி கொடுக்க வேண்டும். அனுமதிக் காகிதம் நடப்பில் இருந்தால் இதில் என்ன தயக்கம்?

மூன்றாவதாக, பெங்களூர் விஷயம். இந்தியாவில் அமெரிக்க விசா கொடுக்கும் அலுவலகங்கள் டில்லி, மும்பை, சென்னை, கல்கத்தா, ஐதராபாத் ஆகிய இடங்களில் உள்ளன. கம்ப்யூட்டர் தொழிலின் தலைநகரம் என்று பெயர் வாங்கிய பெங்களூரில் உள்ளவர்கள் சென்னை மெயில் ஏறித்தான் போய் வந்தார்கள். 2025 ஜனவரியில் இங்கும் துணைத் தூதரகம் தொடங்கியதாக விழா நடந்தது. ஆனால் விசா கொடுக்கும் வேலையை அப்போது தொடங்கவில்லை. அது முழு அளவில் நடந்தால்தான் சென்னையிலும் ஐதராபாத்திலும் கூட்டம் குறையும், தேதியும் சீக்கிரம் கிடைக்கும். இதற்காகக் கர்நாடக எம்.பி.க்களும் தமிழக எம்.பி.க்களும் ஒரே குரலில் கேட்கலாம். காவிரியில் சேராதவர்கள் இதிலாவது சேரட்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

பிள்ளைகள் வெளியே இருக்கும் பெற்றோர்களுக்கும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். "தங்கை கல்யாணத்துக்கு வராவிட்டால் முகத்தில் விழிக்காதே" என்று போனில் சண்டை போடாதீர்கள். முத்திரை எப்போது முடிகிறது, தேதி கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். முடிந்தால் நேர்காணல் தேதி கிடைத்த பிறகு முகூர்த்தம் குறியுங்கள். தேதி வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் ஏஜெண்டுகளிடம் ஏமாறாதீர்கள்.

வதந்திகளையும் நம்பாதீர்கள். 2025 செப்டம்பர் 19-ஆம் தேதி, எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்க ஜனாதிபதி பிரகடனம் செய்தார். லீவில் வந்திருந்த பிள்ளைகள் பலர் அலறி அடித்துக்கொண்டு விமான நிலையத்துக்கு ஓடினார்கள். சில பெரிய கம்பெனிகளும் ஊழியர்களை உடனே திரும்பச் சொல்லின. மறுநாளே, அது புதிய மனுக்களுக்கு மட்டும், ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கும் புதுப்பிப்பவர்களுக்கும் பொருந்தாது என்று விளக்கம் வந்தது. அதற்குள் எத்தனை வீடுகளில் நடுங்கிப் போனார்கள்!

பிள்ளை வரவில்லை என்றால் அக்கம்பக்கத்தார் பேசும் பேச்சுக்கும் காது கொடுக்காதீர்கள். சட்டத்தை மதித்து இருப்பதால்தான் அவனால் வர முடியவில்லை. சட்டத்தை மதிக்கிறவனைச் சட்டமே இப்படி வதைக்கலாமா என்பதுதான் அமெரிக்காவைப் பார்த்து நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நாம் புதிதாக எந்தச் சலுகையையும் கேட்கவில்லை. கூடுதல் விசாவும் கேட்கவில்லை. ஏற்கெனவே அனுமதி கொடுத்து வேலை வாங்கிக்கொண்டிருக்கும் ஆளுக்கு, அவர் இருக்கும் இடத்திலேயே முத்திரை குத்திக் கொடுங்கள் என்கிறோம். 2004 ஜூலை வரை அவர்களே செய்துவந்ததைத்தான் திரும்பக் கேட்கிறோம்.